வெளியே தெரியாத தொற்று

பால்வினை நோய் தொற்றியவரை முகத்தைப் பார்த்தோ உடம்பைப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. கிளமிடியாவும் வெட்டை நோயும் பல பெண்களிடம் எந்தத் தொந்தரவும் காட்டாமலே கருக்குழாயைச் சேதப்படுத்திவிடக்கூடும். குழந்தை தங்காதபோதுதான் விஷயம் தெரியவரும். மேகநோயின் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறியும்விடும். ஆனால் கிருமி உள்ளேயே தங்கி, பல ஆண்டு கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். எச்.ஐ.வி.யோ பத்தாண்டுகூட அடையாளம் காட்டாமல் இருக்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானதும் நோயின் அடையாளம் தேடியதால் அல்ல, பரிசோதித்துப் பார்த்ததால்தான். 1986 அது. எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பியிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் மாதிரிகளை ரயிலில் எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது.

1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு மாநிலம் இதற்கென்றே சங்கம் அமைத்தது நாட்டில் அதுவே முதல்முறை. 2004-இல் தாம்பரம் சானடோரியத்தில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. அந்த மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தால், உடலுறவின் வழியாக எச்.ஐ.வி. பிறருக்குப் பரவாது. எத்தனையோ குடும்பங்களின் பயத்தைப் போக்கக்கூடிய இந்தச் செய்தி இன்னும் பல வீடுகளை எட்டவில்லை.

தடுப்புக்கு ஆணுறையே முதல் துணை. காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். நுனியில் காற்றை வெளியேற்றி, உறவு தொடங்கும் முன்பே அணிய வேண்டும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் உறை கிழியும். இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் கிழியத்தான் செய்யும். சட்டைப்பையில் நாள்கணக்கில் வைத்திருந்ததை நம்பக் கூடாது. உறை மூடாத தோல் வழியாகப் பிறப்புறுப்பு அக்கியும் எச்.பி.வி. வைரஸும் பரவலாம். எச்.பி.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது.

எரிச்சலும் வெள்ளைப்படுதலும் வந்தால் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்து நாளைத் தள்ளுவதும், மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும் பெரிய ஆபத்து. அரைகுறையாகச் சாப்பிடும் மாத்திரையால் வெட்டை நோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறுகிறது. ஆரம்ப நிலை மேகநோய்க்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். நோயுள்ள கர்ப்பிணிக்கு அது கிடைக்காமல் போனால் குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும். சிகிச்சையை இணையரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் நோய் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். நோய் இருப்பதைக் கணவனிடமோ மனைவியிடமோ சொல்வது எளிதல்ல. அதற்கு உதவவே ஆலோசகர் இருக்கிறார்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், சுகவாழ்வு மையத்தில் மற்ற பால்வினை நோய்களுக்குச் சிகிச்சையும் இலவசம். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று அஞ்சும்படி ஏதும் நேர்ந்தால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும் முடிவை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெயர் சொல்லத் தயங்குபவர்கள் முதலில் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.