கடவைப் படலையும் இடைப்பூட்டும்

பண்டத்தரிப்பிலே புகையிரத நிலையம் இல்லை. எனினும், அங்கிருந்து கிழக்கே அச்சுவேலி நோக்கிச் செல்வோர் காங்கேசன்துறை இருப்புப்பாதையைக் கடந்தே ஆகவேண்டும். 1990இல் நின்றுபோன சேவை 2015இலேயே காங்கேசன்துறைவரை மீண்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், புகையிரதம் வருகின்றதா எனப் பார்த்துக் கடக்கும் பழக்கத்தை அறியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இந்நிலையில், கடவைப் பாதுகாப்பை மனிதரின் விழிப்பொன்றிலேயே தங்கவிடலாமா என்பதை நாம் ஆராய வேண்டும்.

இதற்கு இயந்திரவியல் அளித்த விடை இடைப்பூட்டு ஆகும். 1856இல் இங்கிலாந்திலே ஜோன் சக்ஸ்பி காப்புரிமை பெற்ற பொறியமைப்பு, தண்டவாள மாற்றியையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பிணைத்தது. அத்தத்துவம் கடவைப் படலைக்கும் பொருந்தும். படலையை வீதிக்குக் குறுக்கே முற்றாக மூடினாலன்றி அதன் பூட்டிலிருந்து திறப்பை எடுக்க இயலாது. அத்திறப்பைக் கைகாட்டி நெம்புகோலின் பூட்டில் இட்டாலன்றிப் புகையிரதத்துக்கு வழி கிடையாது. வண்டி கடந்தபின் கைகாட்டியைத் தடைநிலைக்கு மீட்டாலே திறப்பு வெளிவரும். காப்பாளர் படலையை மூட மறந்தால், வண்டி கைகாட்டியருகே நிற்கும்; தாமதம் நேருமேயன்றி மோதல் நேராது.

மணியும் விளக்கும் எச்சரிக்குமேயன்றித் தவற்றைத் தடுக்கமாட்டா. பாதுகாப்பற்ற கடவையில் விபத்து நேர்ந்தபின் சாரதியின் கவனயீனத்தைப் பழித்தல் எளிது. ஆயின், மனிதர் தவறுவர் என்பதை முன்னறிந்து கடவையை அமைப்பது அதனை அமைப்போரின் கடமையாகும். அக்கடமை நிறைவேறாதவிடத்துப் பொறுப்பு சாரதியுடையது மட்டுமன்று என்பதே எமது துணிபு.