ஊசி போட்ட பிள்ளையை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கீமோ எடுப்பவர்கள் பலர் திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி ஜிப்மர் என்று போய்ச் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறார்கள். பார்க்க உறவு திரண்டு வரும். புதன்கிழமை சுகாதார நிலையத்தில் பிள்ளைக்கு ஊசி போட்ட தாய்க்குத்தான் தயக்கம்: 'உயிருள்ள கிருமியாமே, அத்தைக்கு ஒட்டிக்கொண்டால்?' இந்தப் பயத்தில் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கீமோ எடுப்பவர் உயிருள்ள தடுப்பூசி எதையும் போட்டுக்கொள்ள முடியாது. சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் ஊசிதான் அவருக்கு வேலி.

தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்ட பிள்ளையிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதில்லை. இவ்விரு மாவட்டங்களிலும் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் அப்படித்தான். தாராளமாக அழைத்துப் போகலாம்.

கவனம் வேண்டியது வாய்வழி மருந்துகளில். போலியோ சொட்டு மருந்திலும் ரோட்டா வைரஸ் மருந்திலும் உள்ள வலுவிழந்த வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். நோயாளி குழந்தையைப் பார்க்கலாம், பேசலாம்; ஆறு வாரமாவது கால் கழுவிவிடுவதும் துணி அலசுவதும் மற்றவர் வேலையாக இருக்கட்டும். அவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சமையலில் கை வைக்க வேண்டும். நோயாளியும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், சொட்டு மருந்துக்கு முன்பே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி வடிவ போலியோ மருந்து மட்டும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பது குழந்தையே என்றால், முகாமில் சொட்டு மருந்து போட வருபவரிடம் தயங்காமல் மறுத்துவிடலாம். சிகிச்சை தரும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் சின்னம்மை ஊசி போட்ட பிள்ளைக்குக் கொப்புளம் வந்தால் மட்டும், அது காய்ந்து பொருக்காகும்வரை நோயாளியிடம் விட வேண்டாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது இருமலும் காய்ச்சலுமாக வரும் விருந்தாளியை. அது பெரியவரானாலும் சரி. அம்மை கண்டவரோடு நோயாளி பழகிவிட்டார் என்று தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் தரும். கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108-ஐ அழையுங்கள், கீமோ சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.