ஆஞ்சியோ நார்மல்... ஆனாலும் நெஞ்சு வலிக்குது! இது வெறும் ‘கேஸ்’தானா?

அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. ஈசிஜி எடுத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு, கடைசியில் ஆஞ்சியோகிராமும் பார்த்தாச்சு. ‘பிளாக் எதுவும் இல்லை, எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு மாதம் கழித்து அம்மா மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன சொல்வோம்? ‘அதான் டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரேம்மா... கேஸா இருக்கும்!’

கொஞ்சம் பொறுங்கள். இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை என்பதைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. வலிக்குக் காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை. இந்த இடைவெளியில் பல வருடங்கள் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா, அதாவது இதயத்தின் நுண் ரத்தக்குழாய்களால் வரும் நெஞ்சுவலி.

ஆஞ்சியோவில் தெரியாதது எது?

காவிரி டெல்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. ஆனால் கிளை வாய்க்கால்கள் சரியாகத் திறக்கவில்லை என்றால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். ஆற்றை மட்டும் படம் எடுத்துப் பார்த்தால் பிரச்சினை எங்கே என்று தெரியாது.

இதயத்திலும் இதே கதைதான். ஆஞ்சியோகிராமில் தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய குழாய்கள். அவற்றின் அகலமே சில மில்லிமீட்டர்தான். அவற்றிலிருந்து பிரிந்து இதயத் தசைக்குள் போகும் நுண் குழாய்கள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானவை. அவை ஆஞ்சியோ படத்தில் தனித்தனியாகத் தெரியாது. ஆனால் தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது இவைதான்.

நாம் ஓடும்போதோ படியேறும்போதோ இதயத் தசைக்கு வழக்கத்தைவிட மூன்று, நான்கு மடங்கு ரத்தம் தேவைப்படலாம். அந்த நேரத்தில் நுண் குழாய்கள் நன்றாக விரிய வேண்டும். அவை விரியாமல் போனாலோ, திடீரென்று சுருங்கினாலோ தசைக்கு ஆக்சிஜன் பற்றாது. வலி வரும்.

இது புது நோயா?

இல்லை. 1973-ல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி கெம்ப், ஆஞ்சியோ நார்மலாக இருந்தும் நெஞ்சுவலி உள்ள நோயாளிகளைப் பற்றி எழுதும்போது ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். அப்போது காரணம் சரியாகப் புரியவில்லை. 1988-ல் ரிச்சர்ட் கேனன், ஸ்டீபன் எப்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் ‘மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா’ என்ற பெயரை முன்வைத்தார்கள். இப்போது மருத்துவ உலகில் ‘அனோகா’, ‘இனோகா’ என்ற சுருக்கப் பெயர்களும் புழக்கத்தில் உள்ளன. பெரிய குழாயில் அடைப்பு இல்லாமலே வரும் நெஞ்சுவலி, ரத்த ஓட்டக் குறைவு ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர்கள் அவை.

வலி எப்படி இருக்கும்?

சினிமாவில் காட்டுவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது எல்லோருக்கும் நடக்காது. அழுத்தம், இறுக்கம், எரிச்சல், மூச்சு வாங்குதல், சின்ன வேலைக்கே அடித்துப் போட்டதுபோல அசதி என்று பல மாதிரி வரலாம். வேலை செய்யும்போது வராமல், முடித்து உட்கார்ந்த பிறகு வரலாம். மனஅழுத்தத்திலும் குளிரிலும் வரலாம். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாலும் உடனே அடங்காமல் நீண்ட நேரம் இழுக்கலாம்.

பிரச்சினையே இதுதான். பாடப்புத்தக வலியோடு இது பொருந்தாததால், ‘அல்சரா இருக்கும்’, ‘மனசுதான் காரணம்’ என்று போய்விடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அதற்குப் பிறகும், இது அதிகம் கண்டறியப்படுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ‘அம்மா எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க’ என்று நாம் கடந்துபோவதும் நோயைத் தள்ளிப்போடும் காரணங்களில் ஒன்று.

அதே நேரம், ஆஞ்சியோ நார்மலான எல்லோருக்கும் இதுதான் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமில எதுக்களிப்பு, விலா எலும்பு - தசை வலி, பதற்ற நோய் எல்லாமே நெஞ்சுவலி தரும். அவையும் நிஜமான வலிதான், அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. ஊகத்தில் நிற்காமல் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த டெஸ்டில் தெரியும்?

ஓய்வில் எடுக்கும் ஈசிஜியும் எக்கோவும் முழுக்க நார்மலாக வரலாம். ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்பதாலும் இந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

உறுதி செய்ய, ஆஞ்சியோ செய்யும்போதே கூடுதலாகச் சில அளவுகளை எடுக்கலாம். சென்சார் உள்ள மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்தி, அடினோசின் என்ற மருந்து கொடுத்து, ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் கரோனரி ஃப்ளோ ரிசர்வ். இது 2 மடங்குக்கும் குறைவாக இருந்தால் (2.5-ஐ எல்லையாகக் கொள்பவர்களும் உண்டு) கோளாறு என்று அர்த்தம். நுண் குழாய்களின் எதிர்ப்பை அளக்கும் இன்னொரு குறியீடும் உண்டு. அது 25-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சந்தேகம் வலுக்கும். குழாய்கள் இழுத்துச் சுருங்குகிறதா என்று பார்க்க அசிட்டைல்கோலின் கொடுத்துச் செய்யும் பரிசோதனை தனி.

உடலுக்குள் கம்பி விடாமல் பெட் ஸ்கேன், இதய எம்ஆர்ஐ மூலமும் ரத்த ஓட்டத்தை மதிப்பிடலாம். ஆனால் இழுப்பு இருக்கிறதா என்று அவற்றில் தெரியாது. இந்த வசதிகள் எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. அதனால் பல நேரம் டாக்டர்கள் அறிகுறிகளை வைத்தே சந்தேகித்து, மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். இங்கேதான் ‘எனக்கு இருப்பது நிஜமாகவே இதுதானா?’ என்ற குழப்பம் ஆரம்பிக்கிறது.

பெயர் தெரிந்தால் என்ன மாறிவிடும்?

இதற்கு நல்ல பதில் ஸ்காட்லாந்தில் கிடைத்தது. கிளாஸ்கோவை மையமாகக் கொண்டு நடந்த ‘கோர்மிகா’ ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. நெஞ்சுவலி இருந்தும் ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லாத 151 பேர் இதில் பங்கேற்றார்கள். சுமார் நான்கில் மூன்று பேர் பெண்கள்.

எல்லோருக்கும் மேலே சொன்ன கூடுதல் டெஸ்ட் எடுக்கப்பட்டது. 78 பேருக்கு மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா மட்டும், 25 பேருக்கு ரத்தக்குழாய் இழுப்பு மட்டும், 31 பேருக்கு இரண்டும் சேர்ந்து. 17 பேருக்கு மட்டுமே இதயம் சாராத வலி.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான். ஒரு பாதியினரின் டாக்டர்களுக்கு டெஸ்ட் முடிவு சொல்லப்பட்டு, அதற்கேற்ற சிகிச்சை தரப்பட்டது. மறுபாதிக்கு முடிவைச் சொல்லாமல் வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முடிவு தெரிந்த குழுவில் 100-க்கு மதிப்பிடும் நெஞ்சுவலி மதிப்பெண் மற்றவர்களைவிட 11.7 புள்ளி மேம்பட்டிருந்தது. அவர்களுக்குப் புது மருந்து எதுவும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் சரியானதை சரியான ஆளுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மாரடைப்பு, மரணம் போன்றவற்றில் அந்த ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024-ல் வெளியான ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும், மருந்து எடுத்தும் வலி நிற்காமல் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும் இத்தகைய நோயாளிகளுக்கு இந்த டெஸ்டைப் பரிந்துரைக்கிறது.

மாத்திரையில் ஏன் இவ்வளவு குழப்பம்?

அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைக்கலாம். நுண் குழாய்க்கு ஸ்டென்ட் கிடையாது, மருந்துதான் வழி. ஆனால் ‘இதற்கு இதுதான்’ என்று சொல்லும்படியான ஒற்றை மாத்திரை இன்னும் இல்லை.

* பீட்டா பிளாக்கர்: குழாய் விரியாத பிரச்சினைக்குப் பெரும்பாலும் முதலில் முயற்சி செய்வது. ஆனால் இழுப்பு உள்ளவர்களுக்குச் சில வகைகள் வலியைக் கூட்டிவிடலாம்.
* கால்சியம் சேனல் பிளாக்கர்: இழுப்புக்கு முதல் தேர்வு. நுண் குழாய்ப் பிரச்சினைக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த வகையைச் சேர்ந்த டில்டியாசெம் மருந்தை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், போலி மாத்திரையைவிட வலி பெரிதாகக் குறையவில்லை.
* நைட்ரேட்: நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் இந்த வகைதான். பெரிய குழாய்களை நன்றாக விரிக்கும், நுண் குழாய்களில் பலன் குறைவாக இருக்கலாம். சிலருக்குத் தலைவலிதான் மிச்சம்.
* ரானோலசின், நிகோராண்டில்: மற்றவை போதாதபோது சேர்த்துப் பார்ப்பவை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.
* ஸ்டாட்டின், பிபி மருந்துகள்: வலியை உடனே நிறுத்துவதற்காக மட்டும் தருபவை இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவரைக் காப்பதும் பின்னாளில் வரக்கூடிய ஆபத்தைக் குறைப்பதும் நோக்கம்.

ஆக, முதல் மாத்திரை கேட்கவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்றோ, டாக்டர் சரியில்லை என்றோ முடிவுக்கு வர வேண்டாம். மாற்றி மாற்றிப் பார்ப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் அந்த மாற்றத்தை நாமே செய்யக் கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். அதோடு டில்டியாசெம், வெரபமில் மாத்திரைகளைத் தானாகச் சேர்த்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நைட்ரேட் எடுப்பவர்கள் சில்டெனாஃபில் வகை மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குவது, இரண்டுமே வேண்டாம்.

பதில் கிடைக்கும்வரை என்ன செய்வது?

போனில் ஒரு நோட் திறந்துகொள்ளுங்கள். வலி வந்த நேரம், அப்போது செய்த வேலை, எத்தனை நிமிடம் நீடித்தது, எந்த மாத்திரை, எவ்வளவு நேரத்தில் குறைந்தது. ஒரு மாதக் குறிப்பு இருந்தால், ‘அப்பப்போ வலிக்குது டாக்டர்’ என்பதைவிட அவருக்குப் பல மடங்கு உதவும்.

அடுத்த முறை போகும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: ‘பெரிய குழாயில் அடைப்பு இல்லை, சரி. நுண் குழாய்ப் பிரச்சினையா, இழுப்பா என்று பார்த்தீர்களா? பார்க்க முடியுமா? இந்த மாத்திரை எதற்காக? எத்தனை வாரத்தில் பலன் தெரிய வேண்டும்? தெரியவில்லை என்றால் அடுத்து என்ன?’

டாக்டர் அனுமதித்த அளவில் நடைப்பயிற்சி, சர்க்கரை - பிபி கட்டுப்பாடு, புகையை விடுவது, தூக்கம் எல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்த அறிவுரைதான். ஆனால் நுண் குழாய்களுக்கு நேரடியாக நல்லது செய்பவை இவை. வலிக்குப் பயந்து அசையாமலே இருந்தால் உடல் இன்னும் தளரும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

‘போன வருஷம் ஆஞ்சியோ நார்மல்’ என்பது வாழ்நாள் உத்தரவாதம் கிடையாது. ஓய்விலும் அடங்காத வலி, வழக்கத்தைவிடக் கடுமையான அல்லது புது மாதிரியான வலி, வியர்த்துக் கொட்டுவது, மயக்கம், கை - தாடைக்குப் பரவுவது, மூச்சுத்திணறல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டாலும் இதே விதிதான். வலி அடிக்கடி நீண்ட நேரம் வருபவர்கள், எந்த அளவு தாண்டினால் கிளம்ப வேண்டும் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். போனபின் ‘ஒண்ணும் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால் அது வீண் அலைச்சல் இல்லை. போகாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து.