ஏட்ரியம்: வீட்டின் முற்றமும் இதயத்தின் மேலறையும்

எக்கோ பரிசோதனையின் அறிக்கையைக் கையில் பெறும் அன்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'இடது ஏட்ரியம் விரிவடைந்துள்ளது என்று எழுதியிருக்கிறதே, ஏட்ரியம் என்றால் என்ன?' என்பதே அது. பெரிய வணிக வளாகங்களின் நடுவே கண்ணாடிக் கூரையுடன் அமையும் உயர்ந்த கூடத்திற்கும் இதே பெயர் வழங்குவதை அறிந்தோருக்கு ஐயம் மேலும் வலுக்கிறது. இரண்டும் ஒரே சொல்தான். அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால், இதயத்தின் அப்பகுதி செய்யும் பணியும், அது தடுமாறினால் நேரக்கூடிய ஆபத்தும் எளிதில் விளங்கும்.

ஏட்ரியம் என்பது இலத்தீன் சொல். பண்டைய உரோமானியர் தம் வீட்டின் முன்பகுதியில் அமைந்த நடுக்கூடத்தை அப்பெயரால் அழைத்தனர். தெருவாயிலைக் கடந்து வருவோரை வரவேற்கும் இடம் அதுவே. அதன் கூரை நான்கு புறமும் உள்நோக்கிச் சரிந்து, நடுவில் வானம் தெரியத் திறந்திருக்கும். மழைநீர் அத்திறப்பின் வழியே கீழேயுள்ள ஆழமற்ற தொட்டியில் விழும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரின் வீடுகளில் இவ்வமைப்பை இன்றும் காணலாம். பின்னர், பழைய கிறித்தவ ஆலயங்களின் முன்னே தூண்கள் சூழ அமைந்த திறந்த வெளிக்கும் இப்பெயர் சென்றது. 1967-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜான் போர்ட்மேன் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த விடுதி, 22 மாடி உயரத்திற்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டது. அதன்பின் உலகெங்கும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இத்தகைய கூடங்கள் பெருகின.

உரோமானியரின் இக்கூடம் நமக்குப் புதியதன்று. திண்ணையைத் தாண்டி, ரேழியைக் கடந்தால் வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றித் தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகளில் நம்முள் பலர் வளர்ந்திருக்கிறோம். செட்டிநாட்டு வீடுகளில் இப்பகுதியை வளவு என்பர். நாற்புறக் கூரையிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் இறங்கும். அண்டாக்களை வைத்து நீரைப் பிடிப்பர். எஞ்சிய நீர் ஒரு துளையின் வழியே வெளியேறும். வருவதை ஏற்று, சற்றே தங்கவைத்து, உரிய இடத்திற்கு அனுப்புவதே முற்றத்தின் இயல்பு. கோயிலிலும் அவ்வாறே. அண்ணாமலையார் கோயிலிலோ, மலையின் மறுபுறமுள்ள அடி அண்ணாமலைக் கோயிலிலோ நாம் நேரே கருவறையின் முன் சென்று நிற்பதில்லை. திறந்த பிராகாரத்தையும் மண்டபத்தையும் கடந்தே செல்கிறோம்.

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் இரண்டையுமே மருத்துவர்கள் ஏட்ரியம் என்கின்றனர். வலது மேலறைக்கு உடலெங்கும் சுற்றிவந்த இரத்தம், மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை ஆகியவற்றின் வழியே வந்து சேர்கிறது. இடது மேலறைக்கு நுரையீரலில் உயிர்வளி பெற்ற இரத்தம், பொதுவாக நான்கு சிரைகளின் வழியே வருகிறது. நாற்புறக் கூரையிலிருந்து நீர் இறங்கும் முற்றத்தை இங்கே நினைவுகூரலாம். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஒரு வால்வு உண்டு; ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு அது. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் கடும்பணி இடது கீழறையினுடையது. ஆகவே அதன் சுவர் தடித்தது. ஏற்று அனுப்பும் பணியே உடைய மேலறைகளின் சுவரோ மெல்லியது.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் இவ்வறைகளை 'ஆரிக்கிள்' என்று படித்தவர்கள் இருப்பர். 'சிறு காது' என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதனைச் சோணையறை என்பர். சோணை என்பது காதின் மடல். மேலறை ஒவ்வொன்றிலிருந்தும் காதுமடல் போன்ற சிறு பை ஒன்று வெளியே நீண்டிருப்பதே இப்பெயர்களுக்குக் காரணம். இன்றைய உடற்கூற்றியலில் ஆரிக்கிள் என்னும் சொல் அந்தச் சிறு பையை மட்டுமே குறிக்கும். சிறியதாயினும் அதனை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஏன் என்பதைக் கீழே காண்போம்.

வலது மேலறையின் சுவரில் 'சைனஸ் கணு' என்னும் சிறு திசு உள்ளது. ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின்தூண்டல் எழுப்பி இதயத்தைத் துடிக்கவைப்பது அதுவே. அத்தூண்டல் முதலில் மேலறைகளில் பரவும். அவை ஒருசேரச் சுருங்கி, எஞ்சியுள்ள இரத்தத்தைக் கீழறைக்குள் தள்ளும். கீழறை நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இவ்வாறு கிடைக்கிறது. சிலருக்கு இவ்வொழுங்கு குலைகிறது. மேலறையில் நிமிடத்திற்கு 350-க்கும் மேற்பட்ட தூண்டல்கள் தாறுமாறாக எழ, அதன் சுவர் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. இதுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை நடுக்கம். முதுமை, உயர் இரத்த அழுத்தம், வால்வு நோய், தைராய்டு மிகுதி, மிகுந்த மதுப்பழக்கம் ஆகியவை இதற்கு வழிவகுக்கும்.

முற்றத்தின் துளை அடைபட்டால் நீர் தேங்கி, மூலையில் பாசி படியும். மேலறை நடுங்கும்போதும் இரத்தம் தேங்கி உறையத் தொடங்குகிறது. வால்வு நோய் இல்லாதவர்களிடம் இவ்வுறைகட்டிகளில் பெரும்பாலானவை இடது மேலறையின் அந்தக் காதுமடல் பையிலேயே உருவாகின்றன. அங்கிருந்து பெயர்ந்த ஒரு சிறு கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். இந்நடுக்கம் உடையோருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என ஆய்வுகள் காட்டியுள்ளன. இளமையில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு குறுகியவர்களுக்கு ஆபத்து இன்னும் மிகுதி. கீழறைக்குச் செல்லும் கதவே குறுகிவிடுவதால் மேலறை விரிந்து பெருக்கிறது. 'இடது ஏட்ரியம் விரிவடைந்துள்ளது' என்னும் வரியின் பின்னே இவ்வாறான காரணம் எதுவும் உண்டா என்பதை மருத்துவர் ஆராய்வார். அவ்வரி ஒன்றைக் கண்டே அஞ்ச வேண்டுவதில்லை. அதனைப் புறக்கணிக்கவும் கூடாது.

இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்க முடியும். தேவைப்படுவோருக்கு இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை தரப்படுகிறது. ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு குறுகியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் வார்ஃபரின் போன்ற பழைய மருந்துகளே ஏற்றவை. அவற்றை உட்கொள்வோர் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர் குறித்த நாளில் தவறாது செய்துகொள்ள வேண்டும். கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் சிறிதும் இல்லாமலும் உண்ணாது, ஏறத்தாழ ஒரே அளவாக உண்பதே முறை. 'படபடப்பு நின்றுவிட்டது' என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெரும் ஆபத்து. படபடப்பு இல்லாதபோதும் உறைகட்டி உருவாகலாம்.

பலருக்கு இந்நடுக்கம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஆகவே வீட்டிலுள்ள முதியோரின் நாடியை அவ்வப்போது பார்த்தல் நன்று. ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்ந்தபின், பெருவிரலின் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை மெல்ல அழுத்தி, ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கற்று, முன்பின்னாக வருவதுபோல் தோன்றினால் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வாருங்கள்.

கிரிவலம் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இதய நோய் உடையோர் மருத்துவரிடம் கேட்டறிந்தபின் செல்லுங்கள். பௌர்ணமி இரவில் நடை நீளும்போது இரவு மாத்திரை தவறிவிடலாம். அதனை உடன் எடுத்துச் செல்லுங்கள். உறைவுத் தடுப்பு மாத்திரை உட்கொள்வோர், நடந்து முடித்த கால்வலிக்காகக் கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டா. அவற்றுள் பல, இவ்வாறு உட்கொள்வோருக்கு வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்க வல்லவை. நடக்கும்போது மூச்சு முட்டினாலோ, மார்பு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே அமருங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ காலம் தாழ்த்தாது 108-ஐ அழையுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி, பொதுவாக நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது.

நிறைவாக, தாயாகவிருக்கும் பெண்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு விளக்கம். ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் குழந்தையின் தலை பற்றிய பகுதியிலும் ஏட்ரியம் என்னும் சொல்லும் ஓர் அளவும் காணப்படலாம். அது இதயத்தைக் குறிப்பதன்று. மூளையினுள் நீர் நிறைந்த அறைகளின் கிளைகள் கூடும் இடத்திற்கும் அப்பெயரே வழங்குகிறது. அந்த அளவு 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பது இயல்பானது. ஒரே சொல் பல இடங்களில் வழங்குவதால், அறிக்கையின் எந்தச் சொல்லிலும் ஐயம் எழுமாயின் அதனை அடிக்கோடிட்டு எடுத்து வாருங்கள். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. சொல்வது எங்கள் கடமை.