முதுமையில் மங்கும் கோள் நெபுலா

1971இல் பதிவான நிறமாலையில் எஸ்ஏஓ 244567 வெறும் நீல விண்மீனாகவே தெரிந்தது. இருபது ஆண்டுக்குள் அதைச் சுற்றி வாயு ஒளிரத் தொடங்கிவிட்டது. கோள் நெபுலா ஒன்று மனிதர் கண்முன்னே பிறந்ததை எடுத்துச் சொன்னவர்கள், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் எம். பார்த்தசாரதியும் அவருடைய சக ஆய்வாளர்களும். அதன் பெயர் ஸ்டிங்ரே நெபுலா.

சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் ஊதிப் பெருத்து, வெளி அடுக்குகளை உதிர்க்கிறது. எஞ்சிய கரு சூடேறிப் புறஊதாக் கதிர்களை வீச, உதிர்ந்த வாயு கோள் நெபுலாவாக ஒளிர்கிறது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாகவும், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன் 500.7இல் நீலப்பச்சையாகவும் தெரியும். அந்த வாயு நொடிக்குச் சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. விரிய விரிய அடர்த்தி குறையும், நடுவிலுள்ள விண்மீனும் ஆறும். சில பத்தாயிரம் ஆண்டுகளில் எல்லாம் கரைந்துவிடும்.

ஸ்டிங்ரே அவ்வளவு காலம்கூடக் காத்திருக்கவில்லை. 1996, 2016 ஆகிய ஆண்டுகளில் ஹப்பிள் எடுத்த படங்களை ஒப்பிட்டால், அதன் ஆக்ஸிஜன் ஒளி கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்திருக்கிறது.

மற்றவை நிதானமாகவே மூப்படைகின்றன. லைரா மண்டலத்து வளைய நெபுலா இன்னும் கச்சிதமாக இருப்பதால் சிறு தொலைநோக்கியிலேயே தெரியும். மிதுனத்திலுள்ள மெடூசா நெபுலாவோ முதிர்ந்துவிட்டது. ஜார்ஜ் ஏபெல் 1955இல் கண்டறிந்த இது சுமார் 1,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு விரிந்திருந்தாலும் கண்ணுக்கு அகப்படாது.

மெடூசாவைப் படமெடுக்க, மதுரைக்குத் தென்மேற்கிலுள்ள பேரையூர் நல்ல இடம். தைப் பொங்கலை ஒட்டிய நள்ளிரவில் அது இங்கே உச்சியிலிருந்து நான்கு பாகைக்கும் குறைவாகவே விலகி நிற்கும். ஒளி கடந்து வரவேண்டிய காற்று உச்சியில்தான் மிகக் குறைவு. வடகிழக்கே மதுரை நகரின் வெளிச்சமும் மேற்கே சதுரகிரி மலையும் குறுக்கிடாது.

வேலை பொறுமையைக் கேட்கும். ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று எனச் சில நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் இரண்டு ஃபில்டர்கள் வேண்டும். கேமரா சென்சாரைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்வித்தால்தான் வெப்ப இரைச்சல் அடங்கும். பனியில் லென்ஸ் ஈரமாகாமலிருக்கச் சூடேற்றும் பட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஐந்து நிமிடப் படங்களாகப் பல இரவுகள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நேரத்தை நான்கு மடங்காக்கினால் தெளிவு இரண்டு மடங்குதான் கூடும்.

மெடூசாவின் சிவப்பு இழைகள் முதலில் எழும். ஆக்ஸிஜனின் பச்சை அதைவிட மங்கல்; நிலவில்லாத இரவுகளில் பெரும்பங்கை அந்த ஃபில்டருக்கே ஒதுக்க வேண்டும்.