செவ்வாயில் நின்ற கணிப்பொறியும் அதன் நிகழ்ச்சிக் குறிப்பேடும்

பழுதுற்ற யந்திரத்தைப் பார்வையிடுவோர் காண்பது பழுதின் விளைவை மட்டுமே. அது உண்டான வழியை அன்று. உடைந்த பற்சக்கரமாவது தன் முறிவின் வடிவத்தைக் காட்டி நிற்கும். கணிப்பொறியோ தடுமாறி நின்று மீண்டும் தொடங்கிவிட்டால், நடந்ததற்குப் பெரும்பாலும் அடையாளமே இராது. ஆகையால், என்றேனும் நேரக்கூடிய பழுதை உத்தேசித்து, அது நேருமுன்பே நிகழ்ச்சிகளைக் குறித்து வருவது அவசியமாகிறது. இம்முறையின் பயனைத் தெளிவாக விளக்கும் சம்பவம் ஒன்று 1997-ஆம் ஆண்டில் செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது.

அமெரிக்காவின் ‘மார்ஸ் பாத்ஃபைண்டர்’ விண்கலம் அவ்வாண்டு ஜூலை 4-ஆம் தேதி செவ்வாயில் இறங்கிற்று. வானிலைக் கருவி அளவுகளைத் திரட்டத் தொடங்கிய சில நாட்களில், கலத்தின் கணிப்பொறி தானாகவே நின்று மறுபடி தொடங்கலாயிற்று. இது பன்முறை நேர்ந்தது. திரட்டிய விவரங்கள் அழியவில்லை எனினும், அன்றைய எஞ்சிய வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கலம் இறங்குவதற்கு முன்னரே இக்கோளாறு தலைகாட்டியதுண்டு. ஆனால் தேடப் புகுந்தபோது திரும்ப வரவில்லை.

அக்கணிப்பொறியை நடத்தியது ‘விஎக்ஸ்வொர்க்ஸ்’ என்னும் இயங்குதளம். ஒரே கணிப்பொறியில் பல பணிகள் மாறி மாறி நடைபெறுவதால், எது முந்த வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேற்பார்வை தேவை. அதனைச் செய்யும் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு பணி நிறுத்தப்பட்டு மற்றொன்று தொடங்குவதும், வெளிக்கருவியிலிருந்து குறுக்கீடு வருவதும், பல பணிகளுக்கும் பொதுவான ஒன்றின்மீது ஒரு பணி பூட்டை இடுவதும் எடுப்பதும் கெர்னல் நிகழ்ச்சிகளாம். இவற்றை நேரத்துடன் சுருக்கக் குறியீடுகளாக நினைவகத்தில் எழுதிவரலாம். அவ்வப்போதே திரையில் அச்சிட்டால் என்ன என்று கேட்கலாம். அச்சிடுதல் மெதுவான வேலை. பணிகளின் கால ஒழுங்கையே அது மாற்றிவிடும். காலத் தவறுதலால் வரும் பழுது அப்போது மறைந்துகொள்ளும்.

நினைவகத்தில் இடம் தீர்ந்துவிட்டால், நிறைந்த கரும்பலகையில் மேல் வரியை அழித்து ஆசிரியர் புதுவரி எழுதுவதுபோல, மிகப் பழைய குறிப்பின்மீது புதியது பதியும். இதனை வளையக் குறிப்பேடு எனலாம். எப்போதும் கடைசியாக நடந்தவை மட்டுமே எஞ்சும், வேண்டியவையும் அவையே. ஆனால் பழுது கண்ட கணமே எழுதுவது நிற்க வேண்டும். நில்லாவிடில், பின்னர் வரும் பயனற்ற குறிப்புகள் பயனுள்ளவற்றை அழித்துவிடும். எழுதும் ஏற்பாட்டிலே கருத்தைச் செலுத்தி, நிறுத்தும் ஏற்பாட்டை அசட்டை செய்வது நல்லதன்று.

பாத்ஃபைண்டரில் இவ்விரண்டும் அமைந்திருந்தன. ஆரம்ப நாளைய பழுதொன்றைக் கண்டுபிடிக்க இயற்றப்பட்ட குறிப்பேட்டு நிரலை, பொறியாளர்கள் பறக்கும் கலத்திலும் வேண்டுமென்றே விட்டுவைத்தனர். சோதித்த நிரலே பறக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. எனினும் குறிப்புகள் மிகுதியானமையால் அவற்றைச் செவ்வாயிலிருந்து அனுப்புதல் இயலாது. ஆகவே கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் அதே வேலைகளைத் திரும்பத் திரும்ப நடத்தினர். 18 மணி நேரத்துக்குள் கோளாறு தோன்றிற்று. குறிப்பேடும் அக்கணமே நின்றது.

அதில் கண்டது வருமாறு. முதன்மை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டை இட்டிருந்த சமயத்தில் இடைநிறுத்தப்பட்டது. முதன்மை மிக்க தகவல் விநியோகப் பணி அதே பூட்டுக்காகக் காத்து நின்றது. இடைத்தரப் பணிகளோ பூட்டைப் பற்றிய கவலையின்றி ஓடிக்கொண்டிருந்தன. வானிலைப் பணி பூட்டை எடுக்க அவகாசமே கிட்டவில்லை. பெரியவர் உள்ளே செல்லச் சாவி வேண்டும். சாவி கடைநிலை ஊழியரிடம். அவரையோ இடையிலுள்ளோர் வழிவிடாது மறித்து நிற்கின்றனர்! குறித்த தவணைக்குள் விநியோகம் முடியாததைக் கண்ட காவற்பணி, கணிப்பொறியை மறுதொடக்கம் செய்துவிட்டது. ‘முதன்மை தலைகீழாதல்’ எனப்படும் இக்கோளாறு நூல்களில் முன்பே அறியப்பட்டதுதான்.

பரிகாரம் எளிது. பூட்டை வைத்திருக்கும் பணி, காத்திருக்கும் பணியின் முதன்மையைத் தற்காலிகமாகப் பெறும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் இருந்தது. குறித்த பூட்டுக்கு மட்டும் அது இயக்கப்படவில்லை. அதனால் வேறு தீங்கு விளையுமா என்று ஆராய்ந்தபின், திருத்தம் வானொலி மூலம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது.

2008-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்ட ‘எஃப்ட்ரேஸ்’ என்னும் வசதியும் இதே வழியைப் பின்பற்றுவது. செயலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளையக் குறிப்பேடு அதில் உண்டு. கெர்னலில் கடும் பிழை நேருமாயின் குறிப்புகளை உடனே வெளியிடுமாறு முன்கூட்டியே அமைத்துவைக்கலாம்; அவ்வமைப்பு தானாக இயங்குவதன்று, யந்திரத்தைப் பொறுப்பேற்றவர் இயக்கி வைக்க வேண்டும்.