ரீசேல் ஃப்ளாட் வாங்குறீங்களா? வில்லங்கச் சான்று சொல்லாத விஷயங்கள் இவை!

தாய்ப் பத்திரம் பார்த்தாச்சு, வில்லங்கச் சான்று போட்டாச்சு, வக்கீல் ஓகே சொல்லியாச்சு, வங்கியும் லோன் கொடுக்கத் தயார். ரீசேல் ஃப்ளாட் வாங்குபவர்கள் பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால், பால் காய்ச்சிய மறுவாரமே அசோசியேஷனில் இருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வரலாம்: “உங்க ஃப்ளாட்டுக்கு 18 மாச மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கு.”

1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 86,400 ரூபாய். தாமத வட்டி தனி.

வில்லங்கச் சான்றில் ஏன் தெரியாது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். மெயின்டனன்ஸ் கணக்கு அங்கே பதிவாவதில்லை. அது அசோசியேஷன் லெட்ஜரில்தான் இருக்கும். நாம் போய்க் கேட்டால்தான் உண்டு.

பழைய பாக்கியை யார் கட்டணும்?

“நான் வாங்குறதுக்கு முன்னாடி வந்த பாக்கி, எனக்கென்ன?” என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் எப்போதும் அப்படிப் பார்ப்பதில்லை. மகாராஷ்டிராவின் 1970 அபார்ட்மென்ட் சட்டமும், கர்நாடகாவின் 1972 சட்டமும் விற்றவர், வாங்கியவர் இருவரையுமே பழைய பாக்கிக்குப் பொறுப்பாக்குகின்றன. கட்டிய பணத்தை விற்றவரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் வெளிநாடு போய் செட்டில் ஆகியிருந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

அதே சட்டங்களில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. பாக்கி எவ்வளவு என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிவிட்டால், அந்தத் தொகைக்கு மேல் வாங்குபவரிடம் கேட்க முடியாது. சென்னையோ, கோவையோ, பெங்களூருவோ, எங்கே வாங்கினாலும் ‘நோ டியூஸ்’ கடிதத்தைப் பத்திரப்பதிவுக்கு முன்பே கையில் வாங்கிவிடுவது நல்லது.

பைலா ஏன் படிக்கணும்?

அசோசியேஷனின் விதிமுறைப் புத்தகம்தான் பைலா. மெயின்டனன்ஸ் சதுர அடிக் கணக்கா, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா? வாடகைக்கு விட என்ன நிபந்தனை? பால்கனிக்கு கிரில் போடலாமா? வீட்டுக்குள் சுவரை இடிக்க அனுமதி வேண்டுமா? எல்லாம் அதில்தான் இருக்கும். வாங்கி வாடகைக்கு விடும் திட்டம் இருந்தால், கட்டாயம் படிக்க வேண்டிய பக்கம் அது.

அதேநேரம், பைலாவில் எழுதிவிட்டால் எல்லாமே செல்லும் என்பதும் இல்லை. செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று அசோசியேஷன் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

கார் பார்க்கிங்கும் சேர்த்துத்தானே?

அதிகம் சண்டை வரும் இடம் இது. ரேரா சட்டப்படி திறந்தவெளி பார்க்கிங் என்பது பொதுப் பகுதி. ஸ்டில்ட், திறந்தவெளி பார்க்கிங்கை பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. எனவே ‘பார்க்கிங் நம்மளுதுதான்’ என்ற புரோக்கரின் வாய்வார்த்தை போதாது. உங்கள் வீட்டுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பத்திரத்திலும் அசோசியேஷன் பதிவேட்டிலும் பாருங்கள்.

பழைய கட்டடமா? இதையும் கேளுங்க

தமிழ்நாட்டில் 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அப்படியொரு பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், புது இன்டீரியருக்குச் செலவழிக்கும் முன் அது தெரிந்தாக வேண்டும். கடைசி சில பொதுக்குழுக் கூட்டங்களின் மினிட்ஸைக் கேட்டு வாங்கினால் இது மட்டுமல்ல, லிஃப்ட் மாற்ற, பெயின்ட் அடிக்க வரப்போகும் சிறப்பு வசூலும் தெரிந்துவிடும்.

விற்பவர்கள் கவனத்துக்கு

பாக்கியை முன்பே கட்டி ரசீது வைத்திருந்தால், கடைசி நேரத்தில் விலை பேரம் வராது. ஆரம்பத்தில் கட்டிய கார்பஸ் ஃபண்ட் வாங்குபவர் பெயருக்கு மாறுமா, அதற்கான பணம் விற்பனை விலைக்குள் அடக்கமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

• நோ டியூஸ் கடிதம் (மெயின்டனன்ஸ், தண்ணீர், சிறப்பு வசூல் எல்லாம் சேர்த்து)
• அசோசியேஷன் பதிவுச் சான்றிதழ், பைலா நகல்
• கடந்த ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு, கார்பஸ் ஃபண்ட் இருப்பு
• சமீபத்திய பொதுக்குழு மினிட்ஸ்
• பார்க்கிங் ஒதுக்கீட்டுக் கடிதம்
• பில்டர் மீதோ, உறுப்பினர்கள் மீதோ வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்ற விவரம்
• மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டுகிறதா என்ற தகவல். தாண்டினால், அசோசியேஷனின் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும்பட்சத்தில் 18% ஜிஎஸ்டியும் சேரும்

இந்த நகல்களைக் கேட்டதும் விற்பவர் ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால், அட்வான்ஸையும் அப்புறமே கொடுக்கலாம்.